ஆலை நகரின் மூத்த சகோதரி
அனசூயாபென் சாராபாய் சரிதம்

தொழிற்சாலைகளிலே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பிணக்கு உண்டாவது புதுமையன்று. பலர் கூடி ஒரு வேலையைச் செய்யும் இடத்தில் கூலியைப் பற்றியோ, வேலை நேரத்தைப் பற்றியோ, மேஸ்திரியின் கடுஞ்சொல்லைப் பற்றியோ மனத்தாங்கல் எழுந்தே தீரும். நாம் சிந்திக்க வேண்டியது அப்பிணக்கு எவ்வாறு அடங்குகிறது என்பதையே. தொழிலாளி பசியால் தளர்ந்து பணிந்தால் அது அடங்கும். முதலாளி நஷ்டத்துக்கு அஞ்சி இணங்கினாலும் அடங்கும். ஆனால் இவ்விரு வகையிலும் அடங்கிய பிணக்கு நீறு பூத்த நெருப்பேயாகும். தோற்றவன் தன் முறை வரும் வரையில் காத்திருக்கிறான்; வென்றவன் அந்த நாளை எண்ணி அஞ்சுகிறான். இதனைச் சமாதானம் என்று சொல்லலாகாது.

பிணக்கு மீண்டும் முளைத்தாலும் அதனைக் கேட்டுத் தீர்க்க ஒரு வழி என்றும் திறந்திருக்குமாறு செய்வதே நிலைத்த சமாதானம். அவ்வழியை அமைப்பதற்காகத் தம் வாழ்நாளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்ட ஓர் அம்மையாரின் சரிதத்தை நம் வாசகர்கள் அறிதல் நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம். அவர் ஆலை முதலாளியின் குடும்பத்தில் பிறந்தவர். தொழிலாளர் சங்கத்தின் தலைவியாய் மறைந்தவர். அவர் பெயர் அனசூயா சாராபாய்.

இளமை

குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் உள்ள ஆமதாபாத் நகரம் நெடுங்காலமாக நெசவுக்கும் வாணிபத்துக்கும் பெயர் பெற்றது. 1861-ஆம் ஆண்டில் ரண்சோட்லால் சோட்டாலால் என்பவர் அங்கே முதல் பஞ்சாலையை நிறுவினார். அதன்பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. பம்பாயில் இருந்ததைப் போல் அயல்நாட்டார் கை இங்கே ஓங்கவில்லை. ஜைனரும் வைணவருமான உள்ளூர் வணிகக் குடும்பங்களே ஆலைகளை நடத்தின. காலிகோ ஆலையை நடத்திய சாராபாய் குடும்பம் அவற்றுள் ஒன்று.

அக்குடும்பத்தில் 1885-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் அனசூயா பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது தாய் தந்தையர் இருவரும் காலமாயினர். அவரையும், ஐந்து வயது இளையவரான தம்பி அம்பாலாலையும், சிறு தங்கையையும் சிற்றப்பா சிமன்பாய் வளர்த்து ஆளாக்கினார். அக்கால வழக்கப்படி பதின்மூன்றாம் வயதிலேயே அனசூயாவுக்கு மணம் முடிந்தது. அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே அவர் திரும்பினார்.

அக்காலத்தில் கணவனைப் பிரிந்த பெண்ணுக்கு வீட்டின் ஒரு மூலையே உலகம். அம்பாலால் தம் தமக்கையை அவ்வாறு ஒடுங்க விடவில்லை. அவர் மேலும் கற்க வேண்டும் என்று விரும்பி, 1912-ஆம் ஆண்டில் மருத்துவம் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே உயிர்களை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கொல்லாமையில் ஊன்றிய ஜைன உள்ளம் அதற்கு இசையவில்லை. எனவே மருத்துவத்தை விட்டு, இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். வாக்குரிமைக்காகப் போராடிய ஆங்கிலப் பெண்களையும், ஏழை எளியவர் நிலையை ஆராய்ந்த பேபியன் சங்கத்தாரையும் அங்கே அறிந்தார். 1913-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார்.

தமக்கைக்கு இந்த விடுதலையைத் தேடித் தந்தவர் தம்பி என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னே வருவதன் கனம் அதனால்தான் விளங்கும்.

கண் திறந்த காட்சி

ஊர் திரும்பிய அம்மையார் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வேலைக்குச் செல்லும் தாய்மார் தம் குழந்தைகளை விட்டுச் செல்லக் காப்பகம் அமைத்தார். பெண் தொழிலாளருக்குக் கழிப்பிடம் கட்டுவித்தார். செல்வக் குடும்பத்தார் செய்யும் அறப்பணி என்ற அளவில் இவற்றை யாவரும் போற்றியிருப்பர்.

ஒருநாட் காலையில் பெண்கள் சிலர் கூட்டமாக வரக் கண்டார். நடையில் உயிரில்லை, முகத்தில் ஒளியில்லை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவினார். இரண்டு இரவும் இடைப்பட்ட ஒரு பகலும், ஆக 36 மணி நேரம், ஓய்வின்றி ஆலையில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறோம் என்று அறிவித்தனர். அந்தக் காட்சி அம்மையாரின் உள்ளத்தை அறுத்தது. பள்ளியும் காப்பகமும் நல்லனவே. ஆயினும் 36 மணி நேரம் தாயை நிறுத்தி வைக்கும் ஆலை அப்படியே இருக்கும்போது, குழந்தைக்குக் காப்பகம் கட்டி ஆவதென்ன? அன்றே தொழிலாளரை ஒன்றுசேர்ப்பதெனத் துணிந்தார். 1914-ஆம் ஆண்டில் அவர்களது வேலைநிறுத்தம் ஒன்றில் துணைநின்றார். 1917-ஆம் ஆண்டு டிசம்பரில் பாவு ஓட்டும் தொழிலாளர் தம் குறையைச் சொல்லி அவரையே நாடினர். அவர் தலைமையில் வேலையை நிறுத்தினர்.

இருபுறமும் ஒரே குருதி

1917-ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் பிளேக் நோய் பரவிற்று. தொழிலாளர் உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடலாயினர். அவர்களை நிறுத்தி வைப்பதற்காக முதலாளிகள் கூலியின் மேல் நூற்றுக்கு 70, 80 வரையிலும் பிளேக் போனஸ் கொடுத்தனர். நோய் தணிந்ததும், 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போனஸை நிறுத்துவதாக அறிவித்தனர். ஆனால் உலகப் போரின் காரணமாக ஏறிய விலைவாசி இறங்கவில்லை. போனஸுக்கு ஈடாகக் கூலியில் நூற்றுக்கு 50 உயர்வு வேண்டும் என்று நெசவாளர் கேட்டனர். நூற்றுக்கு 20-க்கு மேல் இயலாது என்று முதலாளிகள் மறுத்தனர்.

முதலாளிகளுக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளரின் பக்கத்தில் நின்றவர் அவருடைய தமக்கை அனசூயா.

அம்மையார் காந்தியடிகளின் துணையை நாடினார். காந்தியடிகளுக்கு இருவருமே வேண்டியவர்கள். 1915-ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை அவர் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டபோது, செல்வர்கள் பொருளுதவியை நிறுத்திவிட்டனர். ஆசிரமத்தை மூடவேண்டிய நிலை வந்தபோது 13,000 ரூபாயைக் கொணர்ந்து கொடுத்துச் சென்றவர் அம்பாலாலே. ஆதலின் இப்போரில் கொடியவர் ஒருபுறம், நல்லவர் மறுபுறம் என்று கோடு கிழித்துவிட முடியாது. நல்லவர் இருவர், நியாயம் எதுவென்பதில் வேறுபட்டு எதிரெதிரே நின்றனர். வேலைத்தலத்துப் பிணக்குகளிற் பல இத்தகையனவே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

முதலில் இருதரத்தாரும் மத்தியஸ்தத்துக்கு இசைந்தனர். இருபுறமும் மூவர் மூவராக மத்தியஸ்தர் அமைந்தனர். ஆனால் அவர்கள் விசாரிக்கத் தொடங்குமுன்பே சில ஆலைகளில் தொழிலாளர் பொறுமையிழந்து வேலையை நிறுத்தினர். அது தொழிலாளர் தரப்பின் பிழையே என்று காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். முதலாளிகளோ அதனையே காரணமாகக் காட்டி மத்தியஸ்தத்தைக் கைவிட்டு, பிப்ரவரி 22-ஆம் நாள் கதவடைப்புச் செய்தனர். அவசரத்தில் கட்டிய பாலம் முதல் வெள்ளத்திலேயே அடித்துச் செல்லப்பட்டது.

கருவேல மரத்தடி

தொழிலாளர் தரப்பில் செய்த முதற் காரியம் நம் கருத்தைக் கவர்வது. பம்பாயில் கொடுக்கும் கூலியையும் ஆலைகளின் நிலையையும் ஆராய்ந்து, கேட்கத்தக்க உயர்வு 50 அன்று, 35-தான் என்று முடிவு செய்து, தொழிலாளரையும் அதற்கு இசைவித்தனர். கேட்பதைத் தாமே குறைத்துக்கொண்டு போரைத் தொடங்குவது உலக வழக்கமன்று. எதிரியின் இடத்தில் நின்று பார்த்தாலும் நியாயமாகத் தோன்றும் அளவையே கேட்கவேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி.

சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கூடினர். நூற்றுக்கு 35 பெறாமல் ஆலைக்குள் நுழைவதில்லை, யாரையும் தாக்குவதில்லை, வேலைக்குச் செல்வோரைத் துன்புறுத்துவதில்லை, பிச்சை ஏற்பதில்லை, வேறு நேரிய உழைப்பால் வயிறு வளர்ப்பது என்று உறுதி பூண்டனர். அனசூயாபென்னின் பெயரால் அச்சிட்ட துண்டுத் தாள்கள் வழங்கப்பட்டன. அவரும் சங்கர்லால் பாங்கரும் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்றனர். ஆசிரமத்தில் அப்போது நெசவுக் கூடம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தனர். அதன் அடித்தளத்தை நிரப்ப ஆற்று மணல் சுமக்கும் வேலை தொழிலாளருக்குக் கிடைத்தது. அந்த மணற்கூடை வரிசைக்கு முன்னே அனசூயாபென் நடந்தார். ஆலை உரிமையாளர் வீட்டுப் பெண் ஆற்றுப் படுகையிலே அவர்களோடு ஒருவராய் நடந்த அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கும்போதே நம் உள்ளம் உருகுகிறது.

நாட்கள் செல்லச் செல்லப் பசி மிகுந்தது. மார்ச்சு 12-ஆம் நாள், நூற்றுக்கு 20 உயர்வை ஏற்பவர்கள் வேலைக்கு வரலாம் என்று முதலாளிகள் ஆலைகளைத் திறந்தனர். கூட்டம் சுருங்கியது. அனசூயாபென்னும் காந்தியடிகளும் மோட்டாரில் வந்து போகிறார்கள், நன்றாக உண்கிறார்கள், பட்டினி கிடப்பவர் நாமல்லவா என்ற பேச்சு ஒரு குடியிருப்பில் எழுந்தது. கசப்பானதே ஆயினும் அது பொய்யன்று. அம்மையார் அந்தக் குற்றச்சாட்டைச் சினத்தால் மறுக்கவில்லை. மார்ச்சு 15-ஆம் நாள், தீர்வு காணும் வரையில் உண்பதில்லை என்று காந்தியடிகள் அறிவித்தபோது, அனசூயாபென்னின் கண்களிலிருந்து நீர் பெருகியது.

மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. அந்த உண்ணாவிரதத்தில் ஒரு மாசு உண்டு என்று காந்தியடிகளே பின்னர் ஒப்புக்கொண்டார். தம்மிடம் அன்பு கொண்ட முதலாளிகளை அது நெருக்கியது. அவர்கள் முழு மனத்தோடு இணங்க இடமளிக்கவில்லை. இந்த மாசை நாமும் மறைக்க வேண்டியதில்லை. அதனை உணர்ந்ததாலேயே நிலையான வழி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது எனலாம்.

மார்ச்சு 18-ஆம் நாள் எழுந்த உடன்பாட்டின் அமைப்பு நுட்பமானது. வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நூற்றுக்கு 35 உயர்வு. அதனால் தொழிலாளர் பூண்ட உறுதி காக்கப்பட்டது. இரண்டாம் நாள் நூற்றுக்கு 20. அதனால் முதலாளிகள் சொன்ன சொல்லும் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல், இரண்டுக்கும் நடுவாகிய இருபத்தேழரை. இறுதி அளவைப் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவர் என்னும் மத்தியஸ்தர் ஆராய்ந்து சொல்வார். அவர் ஆகஸ்டு மாதத்தில் நூற்றுக்கு 35 என்றே தீர்ப்பளித்தார். எவரும் தலைகுனியாமல் ஒரு போர் முடிந்தது. தமக்கையும் தம்பியும் எதிரெதிரே நின்றபோதும் அவர்களின் உறவு முறியவில்லை.

நிலைத்த வழி

இவ்வளவோடு நின்றிருந்தால் இது ஒரு வீரக்கதையாக மட்டும் இருந்திருக்கும். அனசூயாபென்னின் பெருமை இதற்குப் பின்னே செய்த பணியிலேயே உள்ளது என்பது நம் கருத்து.

1920-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் தோன்றியது. மகாஜன் என்பது குஜராத்தில் வணிகர் தம் குழுவுக்கு வழங்கிய பழம்பெயர். வழக்குகளைத் தீர்த்து வைப்பதும் அக்குழுவின் கடமை. அம்மதிப்புக்குரிய பெயரைக் கூலியாட்கள் ஏற்றது சிறு செய்தியன்று. சங்கத்தின் முதல் தலைவி அனசூயாபென். வாழ்நாள் முழுதும் அவரே தலைவி. மூத்த சகோதரி என்று பொருள்படும் மோட்டாபென் என்னும் பெயரால் தொழிலாளர் அவரை அழைத்தனர்.

அதே ஆண்டில் முதலாளிகளும் சங்கத்தாரும் சேர்ந்து நிரந்தர மத்தியஸ்தக் குழு ஒன்றை அமைத்தனர். தொழிலாளர் தரப்பில் காந்தியடிகள். முதலாளிகள் தரப்பில் மங்கள்தாஸ் சேட். இருவர் கருத்தும் ஒன்றாவிடின் இருவருக்கும் பொதுவான நடுவர் ஒருவர் தீர்ப்பளிப்பார். வேலைநிறுத்தம் இறுதி ஆயுதம். மத்தியஸ்தத்தை நாடாமல் அதனை எடுப்பதில்லை என்பது சங்கத்தின் விதி.

இம்முறை நடைபெற்ற விதத்தைச் சற்று விரித்துரைப்போம். ஒவ்வோர் ஆலையிலும் பகுதிதோறும் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனர். ஒருவனுக்குக் குறை நேர்ந்தால் அது சங்கத்தின் ஏட்டில் பதிவாகும். சங்கத்தின் அலுவலர் ஆலைக்குச் சென்று உண்மையை விசாரிப்பார். முதலில் அப்பகுதியின் தலைவரிடம் பேசுவார். தீராவிடின் ஆலையின் நிருவாகியிடம் செல்வார். அங்கும் தீராவிடின் சங்கத்தின் காரியதரிசி முதலாளிகள் சங்கத்தாரோடு கலந்து பேசுவார். அதற்கும் அடங்காதவையே மத்தியஸ்தரிடம் செல்லும். குறை சிறியதாய் இருக்கும்போதே அதற்கு ஒரு செவி கிடைத்தது. 1922 முதல் பல்லாண்டுகள் குல்சாரிலால் நந்தா சங்கத்தின் காரியதரிசியாகப் பணியாற்றினார். பள்ளிகள், மருத்துவமனை, படிப்பகம் ஆகியவற்றையும் சங்கம் நடத்தியது.

இவ்வழி இடறாமல் சென்றது என்று கூறோம். 1923-ஆம் ஆண்டில் முதலாளிகள் கூலியை நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வெட்டினர். காந்தியடிகள் அப்போது சிறையில் இருந்தார். தொழிலாளர் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தும் தோற்றனர். சங்கத்தை விட்டுப் பலர் விலகினர். எனினும் தலைவி விலகவில்லை. குறைகளைக் கேட்கும் வேலை மீண்டும் தொடங்கியது. வெட்டுண்ட கூலியைப் பற்றிய வழக்கு மத்தியஸ்தத்துக்குச் சென்று, 1929-ஆம் ஆண்டில் நடுவர் கிருஷ்ணலால் ஜாவேரியின் தீர்ப்பினால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. நெடுங்காலம் காத்திருந்தே அதனைப் பெற்றனர், ஆயினும் பெற்றனர்.

கேளாது நின்ற ஒரு குறை

நம் வாசகர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பர். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே வழி பிறந்தது. தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே பிறந்ததா?

ஆமதாபாத் ஆலைகளில் நூற்புப் பகுதியில் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் வேலை செய்தனர். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். அக்காலத்து நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொடவேண்டி வருமென்று சொல்லித் தாழ்த்தப்பட்டவரை நெசவுக்குள் விடவில்லை. பம்பாய் ஆலைகளிலும் இதே கொடுமை இருந்தது. 1928-ஆம் ஆண்டில் பம்பாயில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, இக்கதவு திறக்கப்பட வேண்டுமென டாக்டர் அம்பேத்கர் வற்புறுத்தினார். மஜூர் மகாஜன் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் கல்விக்குத் தொண்டு செய்தது உண்மை. ஆயினும் நூற்புக்கும் நெசவுக்கும் இடையே நின்ற சுவரை அது இடிக்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. 1938-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாண அரசாங்கம் தொழில் தகராறுகளைப் பற்றி ஒரு சட்டம் கொணர்ந்தது. சமரசப் பேச்சு முடியுமுன் செய்யும் வேலைநிறுத்தத்தை அது குற்றமாக்கியது. டாக்டர் அம்பேத்கர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். நவம்பர் 7-ஆம் நாள் பம்பாய்த் தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆமதாபாத்தில் இருதரத்தாரும் மனமொப்பி ஏற்ற முறை வேறு. எளியவன் கையைச் சட்டத்தால் கட்டிவிட்டுப் பேச அழைப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணராதவர் அனசூயாபென்னின் பணியையும் உணரமாட்டார்.

முடிவு

அனசூயாபென் 1972-ஆம் ஆண்டில் தம் எண்பத்தேழாம் வயதில் காலமானார். அதே ஆண்டில் அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து, தலைச்சுமை சுமப்பவரும் பழந்துணி விற்பவருமான பெண்களுக்கென இளா பட் அமைத்த சேவா என்னும் சங்கம் பதிவாயிற்று. 1981-ஆம் ஆண்டில் இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் குஜராத்தில் கலகம் நிகழ்ந்தபோது, தாழ்த்தப்பட்டோர் பக்கம் இளா பட் பேசினார். அதனை அடுத்துத் தாய்ச் சங்கத்திலிருந்து சேவா வெளியேற்றப்பட்டது. 36 மணி நேரம் உழைத்த பெண்களின் குறை கேட்கப் பிறந்த இயக்கம், தன் வீட்டுக்குள் எழுந்த குரலைக் கேளாது போயிற்று. இடிக்காமல் விட்ட சுவர் தன் பயனைக் காட்டியது. பின்னர் 1980-களிலும் 1990-களிலும் ஆலைகளிற் பல மூடப்பட்டன.

ஆதலால் இச்சரிதம் வீண் என்று எண்ண வேண்டா. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை தெளிவானவை. கேட்பதை நியாயத்தின் அளவுக்குக் குறைத்துக் கேட்க வேண்டும். எதிரே நிற்பவர் தலைகுனியாமல் இணங்கத்தக்க வழியைத் தேட வேண்டும். பிணக்கு முடிந்த மறுநாளே அடுத்த பிணக்கைக் கேட்க ஓர் இடம் அமைக்க வேண்டும். அவ்விடத்தில் கடைசியில் நிற்பவனுக்கும் முதலில் நிற்பவனுக்கும் ஒரே செவி இருத்தல் வேண்டும். இவற்றுள் முதல் மூன்றையும் அனசூயாபென் செய்து காட்டினார். நான்காவது நமக்கு எஞ்சியிருக்கிறது.

நம்மிற் பலர் ஆலையிலோ, சுரங்கத்திலோ, அலுவலகத்திலோ நாள்தோறும் பிறரோடு கூடி வேலை செய்கிறோம். பிணக்கு எழும்போது, ஆற்றங்கரையில் மணற்கூடைகளின் முன்னே நடந்து, தம்பியை எதிர்த்து நின்றும் தம்பியை இழவாத அந்த மூத்த சகோதரியை ஒரு கணம் நினைவோமாக.